அடிமையாய்ப் பிறந்தார், அன்பினால் உயர்ந்தார்

புனிதர் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவோர் யாவர்? பாலைவனத்தில் தவமிருந்த துறவியர், கடல் கடந்து மறை பரப்பிய குருக்கள், கொலைக்களத்தில் தலை கொடுத்த வேதசாட்சிகள், மடத்தின் மதில்களுக்குள் செபத்தில் ஆழ்ந்த கன்னியர். இவர்களுக்கு வணக்கம் செலுத்துகிறோம். செலுத்திவிட்டு, இவையெல்லாம் நம்மால் ஆகாதவை என்று எண்ணியபடியே இல்லம் திரும்புகிறோம். மணம் முடித்து, பிள்ளை வளர்த்து, காலையில் தொழிலுக்குப் புறப்பட்டு, மாலையில் களைத்து வரும் நமக்குப் புனித வாழ்வு ஏது என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் தவறானது என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்வே போதிய சான்றாகும்.

இத்திங்கள் நாம் நினைவுகூர விழைபவர் குருவல்லர், துறவியல்லர், வேதசாட்சியுமல்லர். பெண்களின் கூந்தலை ஒப்பனை செய்யும் தொழிலால் பிழைத்த ஓர் இல்லறத்தார். பிறப்பினால் அடிமை, நிறத்தினால் கறுப்பர். அவர் பெயர் பியேர் துசேன். துசேன் என்னும் பிரெஞ்சுச் சொல், சகல புனிதர்களின் திருநாளைக் குறிக்கும். ஜூன் 27 அவர் பிறந்த நாள் என்பது மரபு. ஜூன் 30 அவர் இறந்த நாள். இயேசுவின் திரு இருதயத்திற்கென ஒதுக்கப்பெற்ற இந்த ஜூன் திங்களில் அவரை நினைத்தல் மிகப் பொருத்தமே அன்றோ?

இன்று ஹெய்ட்டி என வழங்கும் நாடு அந்நாளில் பிரெஞ்சுக்காரரின் குடியேற்ற நாடாக இருந்தது. கரும்பும் காப்பியும் அங்கே செழித்து விளைந்தன. விளைத்தவரோ ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் கொணரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழிவந்தோருமே. அத்தகைய தோட்டமொன்றில், பெரார் என்னும் குடும்பத்தாரின் உடைமையாக, 1766-ஆம் ஆண்டில் பியேர் பிறந்தார் என்பர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் விலை கூறுவதுபோல் மனிதருக்கும் விலை கூறிய காலம் அது. வயலில் வாட்டப்படாமல் வீட்டுப் பணிக்கு அமர்த்தப்பட்டமையாலும், எழுதவும் படிக்கவும் கற்பிக்கப்பட்டமையாலும், மற்றவர்க்குக் கிட்டாத சில வசதிகள் அவருக்குக் கிட்டின. ஆயினும் அவர் அடிமையே. அவர் உடலும் உழைப்பும் வேறொருவர்க்குச் சொந்தம்.

தீவில் கலகத்தின் அறிகுறிகள் தோன்றவே, தலைவர் பெரார் தம் மனைவியோடும் சில அடிமைகளோடும் 1787-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் வந்து சேர்ந்தார். அவர்களுள் பியேரும் அவர் தங்கை ரோசலியும் இருந்தனர். பியேர் ஒரு தொழில் கற்கட்டும் என்று கருதிய தலைவர், சிகையலங்காரம் செய்யும் ஒருவரிடம் அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார். செல்வ மகளிரின் கூந்தல் ஒப்பனை மிக விரிவாகவும் நுணுக்கமாகவும் செய்யப்பெற்ற காலம் அது. பொறுமையும் கைத்திறனும் படைத்த பியேர் வெகு விரைவில் பெயர் பெற்றார். நகரின் பெரிய வீடுகளின் கதவுகள் அவருக்குத் திறந்தன.

தம் சொத்துகளைக் காண மீண்டும் தீவுக்குச் சென்ற தலைவர் அங்கேயே நோயுற்று மாண்டார். 1791-ஆம் ஆண்டில் அடிமைகளின் பெருங்கிளர்ச்சி வெடித்தது, தோட்டங்கள் எரிந்தன. நியூயார்க்கில் முதலிட்டு வைத்திருந்த பணமும், அதைப் பெற்றிருந்த வணிக நிலையம் நொடித்துப் போனதால் அழிந்தது. நேற்றுவரை செல்வத்தில் மிதந்த அம்மையார் ஒரே நாளில் வறுமையின் வாயிலில் நின்றார். அன்பர்களே, இங்கேதான் பியேரின் உள்ளம் நமக்குத் தெரியத் தொடங்குகிறது. அவர் நினைத்திருந்தால் தம் சம்பாத்தியத்தைச் சேர்த்துத் தம் விடுதலையை முதலில் வாங்கியிருக்கலாம். அவரோ, அந்த வீட்டின் செலவுகளைப் பிறர் அறியாமல் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்.

கடன்காரர் ஒருவர் வந்து நெருக்கியபோது, அம்மையார் தம் நகைகளை எடுத்துப் பியேரிடம் கொடுத்து, விற்றுவரும்படி கூறினாராம். சில நாட்களில் பியேர் இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். ஒன்றில் கடனுக்கான தொகை இருந்தது. மற்றொன்றில் அந்நகைகள் அப்படியே இருந்தன. பகலெல்லாம் வீடு வீடாய் நடந்து உழைத்த பின், மாலையில் அம்மையாரின் கூந்தலை ஒப்பனை செய்து, பழைய நண்பர்கள் வரும் நாட்களில் விருந்துக்கு வேண்டியவற்றைத் தாமே வாங்கி வந்து, உபசரிக்கும் பணியாளராகவும் நிற்பார். அவர் உணர்வு புண்படலாகாது என்பதே பியேரின் கவலை. பின்னர் அம்மையார் மறுமணம் புரிந்தார். அப்போதும் பியேரின் உதவி நிற்கவில்லை. 1807-ஆம் ஆண்டில், மரணப்படுக்கையில் இருந்த அம்மையார் முறைப்படி பத்திரம் எழுதிப் பியேருக்கு விடுதலை அளித்தார்.

கொடுப்பவர் பலர் உலகில் உளர். கொடுக்கும்போது வாங்குபவரின் தலை தாழாமல் பார்த்துக்கொள்பவர் மிகச் சிலரே. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று ஆண்டவர் கற்பித்ததன் உட்பொருளும் இதுவன்றோ? தருமம் செய்பவரின் பெருமையை மறைப்பதோடு, பெறுபவரின் மானத்தையும் அது காக்கிறது.

விடுதலை பெற்ற பியேர், தம் சேமிப்பைக் கொண்டு பிறர் விடுதலையை நாடினார். தங்கை ரோசலியின் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றார். யூலியெத் நொவேல் என்னும் இளம்பெண்ணின் விடுதலையையும் அவ்வாறே பெற்று, 1811-ஆம் ஆண்டில் அவரை மணந்தார். பிறரையும் அடிமைக் கட்டினின்று மீட்க அவர் பணம் உதவியது. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1827-ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்தால், அப்பணத்தின் அருமை விளங்கும்.

பியேருக்கும் யூலியெத்துக்கும் பிள்ளைப்பேறு இல்லை. கணவனால் கைவிடப்பட்ட ரோசலி காசநோயால் இறந்தபோது, அவள் விட்டுச்சென்ற கைக்குழந்தை யூபெமியைத் தம் மகளாக ஏற்றனர். மெலிந்து நலிந்திருந்த அக்குழந்தையைப் பியேர் தாயினும் பரிந்து வளர்த்தார். இசையும் எழுத்தும் கற்பித்தார். அவள் வாரந்தோறும் தன் மாமனுக்குப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சிறு மடல் வரைந்து கொடுக்க வேண்டும் என்பது அவ்வீட்டு வழக்கம். அம்மடல்கள் இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1829-ஆம் ஆண்டில், பதின்மூன்று பதினான்கு வயதிலேயே, தாயைக் கொண்டுபோன அதே நோய் அவளையும் கொண்டுபோயிற்று. பியேரின் உள்ளம் உடைந்தது. பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தோரே அத்துயரை அறிவர். ஆயினும் அவர் வீட்டின் கதவு அத்துயரினால் அடைபடவில்லை. கறுப்பின அநாதைச் சிறுவரை ஒருவர்பின் ஒருவராக வீட்டில் வைத்து வளர்த்து, தொழில் கற்பித்து, வேலை தேடிக் கொடுத்து வழியனுப்பினர் அவ்விருவரும்.

இவ்வளவுக்கும் ஊற்றாயிருந்தது எது? நியூயார்க் நகரின் முதல் கத்தோலிக்கப் பங்கு பார்க்ளே தெருவிலுள்ள புனித பேதுரு ஆலயம். அந்த ஆலயத்தில்தான் புனித எலிசபெத் சீத்தன் அம்மையார் 1805-ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்க்கப்பட்டார். அங்கே ஒவ்வொரு நாளும் விடியற்காலைத் திருப்பலியில் பியேரைக் காணலாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வழக்கம் தவறவில்லை என்பர். பனி பெய்யும் நாளும், உடல் நோகும் நாளும் அதில் அடங்கும். திருப்பலி முடிந்த பின்னரே தொழில். அத்தொழிலுக்கும் அவர் நடந்தே சென்றார். நகரத்தில் ஓடிய பொதுவண்டிகளில் கறுப்பருக்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது. முதிய வயதிலும், ஒப்பனைக் கருவிகளைச் சுமந்து, தெருத்தெருவாய் நடந்தார்.

பல வீடுகளின் உள்ளறைகளுக்குச் செல்பவர் காதில் பல கதைகள் விழும். ஓர் அம்மையார் பிறர் வீட்டுச் செய்தியை அவர் வாயிலிருந்து பிடுங்க முயன்றபோது, கூந்தலை ஒப்பனை செய்வதே தம் வேலை, தாம் செய்தித்தாள் அல்லர் என்று கூறி அவர் முடித்துவிட்டாராம். நாவை அடக்குதல் பெரிய தவம். நம் ஆலய முற்றத்திலேயே, திருப்பலி முடிந்த கணமே, அயலார் குறைகளைப் பேசத் தொடங்கும் நமக்கு இவ்வொரு நற்பண்பே ஓராண்டுத் தியானத்திற்குப் போதும்.

மஞ்சள் காய்ச்சல் நகரத்தைப் பீடித்த நாட்களில், நோய் கண்ட தெருக்களைத் தடுப்பு வைத்து அடைத்துவிட்டனர், உற்றாரும் ஓடினர். அத்தடுப்பைத் தாண்டி உள்ளே சென்று, கைவிடப்பட்டுக் கிடந்த பெண்ணொருத்திக்குப் பியேர் பணிவிடை செய்தார். மற்றொரு சமயம், கப்பற்காய்ச்சலால் மேல்மாடி அறையொன்றில் ஆதரவின்றிக் கிடந்த ஏழைக் குரு ஒருவரைத் தம் வீட்டிற்கே கொண்டுவந்து, யூலியெத்தும் தாமுமாய்ப் பேணி நலமாக்கினார். 1817-ஆம் ஆண்டில் அன்னை சீத்தனின் கன்னியர் நியூயார்க்கில் தொடங்கிய அநாதை இல்லத்திற்காக, தம்மிடம் ஒப்பனை செய்துகொண்ட செல்வர்களிடம் நிதி திரட்டிக் கொடுத்தார். கறுப்பினச் சிறுவர்க்கென நகரில் எழுந்த கத்தோலிக்கப் பள்ளிக்கும், பால்டிமோர் நகரில் 1829-ஆம் ஆண்டில் தோன்றிய கறுப்பினக் கன்னியர் சபைக்கும் அவர் கை நீண்டது.

1835-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் மூண்ட பெருந்தீயில், காப்புறுதி நிலையங்களில் அவர் இட்டிருந்த முதல் பெருமளவு அழிந்தது. நண்பர்கள் அவருக்காகப் பணம் திரட்ட முனைந்தனர். தம்மைவிட அதிகத் தேவையுள்ளோர் பலர் இருக்கையில் அதைத் தாம் பெறலாகாது என்று அவர் தடுத்துவிட்டார். போதிய பொருள் சேர்ந்த பின்னும் ஏன் ஓய்வு கொள்ளாமல் உழைக்கிறீர் என்று கேட்டோர்க்கு, தமக்குப் போதும், தாம் ஓய்ந்தால் பிறர்க்குப் போதாது என்னும் கருத்துப்பட விடை கூறினார்.

இனி நாம் கூறப்போவது மனம் கூசச் செய்யும் செய்தி. 1809 முதல் 1815 வரை நியூயார்க் நகரில் புனித பத்ரீக்கு பேராலயம் கட்டப்பட்டது. அதற்குப் பணம் உதவியவருள் பியேரும் ஒருவர். அதே பேராலயத்தின் வாயிலில், 1842-ஆம் ஆண்டில், அங்கே வந்தோரை அமர்த்தும் ஊழியர் ஒருவரால் பியேரும் அவருடன் சென்றோரும் தோல் நிறம் காரணமாக மறிக்கப்பட்டனர். முதியவர், நாள்தோறும் திருப்பலி காண்பவர், கட்டடத்திற்குக் கொடுத்தவர், எனினும் உள்ளே இடமில்லை! பின்னர் ஆலய நிர்வாகிகளின் தலைவர் செய்தி அறிந்து வருந்தி, மன்னிப்புக் கோரி மடல் எழுதினார். அம்மடலிலும் நிறத்தைப் பற்றிய பழைய எண்ணத்தின் சாயல் நீங்கவில்லை என்பதைப் படிப்போர் உணர்வர். பியேர் திருச்சபையை வெறுத்து ஒதுங்கவில்லை. மறுநாளும் திருப்பலிக்குச் செல்பவராகவே இருந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழும். அடிமைத்தனத்தை எதிர்த்துக் குரல் எழுப்பாத ஒருவரை, அவமதித்தவரிடமும் அமைதி காத்த ஒருவரை, நாம் எங்ஙனம் முன்மாதிரியாகக் கொள்வது? அவர் பெயரைப் புனிதர் நிலைக்கு முன்மொழிந்த காலத்தில் அமெரிக்கக் கறுப்பினக் கத்தோலிக்கருள்ளும் சிலர் இவ்வாறு கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயமே. ஆதலின் நாம் அதைத் தட்டிக் கழிக்கலாகாது.

ஒன்றைத் தெளிவாகக் கூறுவோம். பியேரின் பொறுமை அடிமை முறையை நல்லதாக்காது. நற்பண்பு அவருடையது, பாவம் அவரை உடைமையாக வைத்திருந்த சமுதாயத்தினுடையது. துன்புறுவோரைப் பார்த்து, 'நீங்களும் அவரைப்போல் பொறுத்திருங்கள்' என்று கூற அவர் வாழ்வை எடுத்தாள்பவர் அதைத் திரித்தவராவர். அவர் கைகட்டியும் இருக்கவில்லை. ஒவ்வொரு காசாகச் சேர்த்து, ஒவ்வொரு மனிதராக விடுவித்தார். மேடையில் முழங்கும் போராட்டத்திற்குத் தன் இடம் உண்டு. சங்கிலியை ஒவ்வொன்றாக அறுத்த இந்தக் கைகளுக்கும் ஓர் இடம் உண்டு. எனவே அவர் வாழ்வு வாயிலில் மறிக்கப்படுவோருக்கு அன்று, வாயிலில் நின்று மறிப்போருக்கே முதற்கண் பாடமாகிறது.

அந்த வாயில் தொலைவிலுள்ள நியூயார்க்கில் மட்டுமா இருக்கிறது? நம் வடக்கன்குளத்தில், இரு சாதிப் பிரிவினர் தனித்தனியே அமர்ந்து ஒரே பீடத்தை நோக்கும் வண்ணம், ஆலயத்தையே இரு கிளையாகக் கட்டிய 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றை நாம் மறக்கலாகாது. நாமும் ஒரே அப்பத்தில் பங்குகொண்டு, பின்னர் கல்லறையில்கூட ஒதுங்கிப் படுக்க விரும்பியவர்களே. கற்சுவரை இடித்தல் எளிது. உள்ளத்துச் சுவர் எளிதில் விழுவதில்லை.

1851-ஆம் ஆண்டில் யூலியெத் இறந்தார். இரண்டாண்டு கழித்து, 1853 ஜூன் 30 அன்று பியேர் அமைதியாகக் கண்மூடினார். கறுப்பரும் வெள்ளையரும், செல்வரும் வறியோரும் புனித பேதுரு ஆலயத்தை நிறைத்து அவருக்கு விடை கொடுத்தனர். பழைய பேராலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், மனைவியும் யூபெமியும் துயிலும் இடத்தில், அவரும் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டே அவரை நன்கறிந்த ஹன்னா லீ என்னும் அம்மையார் அவர் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அவ்வம்மையார் கத்தோலிக்கர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

1990-ஆம் ஆண்டில் அவருடைய எலும்புகள் எடுக்கப்பெற்று, ஐந்தாம் நிழற்சாலையிலுள்ள இன்றைய புனித பத்ரீக்கு பேராலயத்தின் தலைமைப் பீடத்தின் கீழுள்ள நிலவறையில் வைக்கப்பட்டன. ஆயர்களும் கர்தினால்மாரும் துயிலும் அவ்விடத்தில் இடம்பெற்ற முதல் பொதுநிலையினர் அவரே. 1996-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். ஒரு பேராலயம் உட்கார இடம் தர மறுத்தது. அதன் வழிவந்த பேராலயம் பீடத்தினடியில் இடம் தந்தது. திருச்சபை தன் பிழையை உணரக் காலம் பிடிக்கலாம். ஆயினும் தூய ஆவியானவர் அதனை உணர்த்தாமல் விடுவதில்லை.

அன்புக் குடும்பத்தாரே, பியேர் செய்தவற்றுள் நம்மால் இயலாதது எது? விடியற்காலையில் எழுந்து திருப்பலிக்குச் செல்லுதல், கேட்ட செய்தியைப் பரப்பாமல் இருத்தல், அநாதைக்கு ஒரு கவளம் வைத்தல், கொடுத்ததைக் கூறாமல் இருத்தல். இவற்றிற்கு இறையியல் பட்டம் வேண்டா, பெருஞ்செல்வமும் வேண்டா. நம் முடி திருத்தும் தொழிலாளியை நாம் எப்பெயர் கூறி அழைக்கிறோம்? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மைக்குத் தேநீர் கொடுக்கும் குவளை எது? அவர் அமரும் இடம் எது? ஆலயத்தில் அவர் நம் பக்கத்தில் வந்து அமர்ந்தால் நம் உள்ளம் சிறிது விலகுகிறதா? இக்கேள்விகளை இம்மாதம் மாலைச் செபத்திற்குப் பின், பிள்ளைகளும் கேட்கும்படி, நம் வீட்டில் எழுப்புவோமாக.

நாம் இன்று ஏவலராக எண்ணி நடத்தும் ஒருவரை, நாளை நம் பேரப்பிள்ளைகள் பீடத்தின் முன் முழந்தாளிட்டு மன்றாட நேரலாம். அந்நாளில் நம்மைப் பற்றி அவர்கள் என்ன கூறுவர் என்பதை முடிவு செய்ய நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. திரு இருதய ஆண்டவர் அதற்கான அருளை நமக்கு அளிப்பாராக.